தேங்காய்ப்பாலை முற்றாக நிறுத்த வேண்டுமா?

வாவிக்கரை (கல்லடி):
அறுபதைக் கடந்த என் தந்தையாரின் இரத்தப் பரிசோதனையில் கெட்டதெனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரோலும் டிரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பும் கூடுதலாக இருந்தமையால், கொழுப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருக்கிறார். அன்று முதல் அம்மா சொதியையும் பால்கறியையும் அடியோடு நிறுத்திவிட்டார். கறியில் ருசி இல்லாத குறையை அப்பா இன்னொரு அகப்பை சோற்றால் ஈடுசெய்கிறார். இதற்கிடையில் உறவினர் ஒருவர், தேங்காயெண்ணெயை வெறும் வயிற்றில் குடித்தால் கொலஸ்ட்ரோல் கரைந்துவிடும் என்று ஒரு காணொளியை அனுப்பியுள்ளார். இவற்றில் எதை நம்புவது? எண்ணெயே இல்லாத சமையல் உடலுக்கு நல்லதா?

கல்முனைவாசி:
காணொளியை முதலில் ஒதுக்கிவிடுங்கள். தேங்காயெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு (saturated fat). அதில் ஏறத்தாழப் பாதியாக உள்ள லோரிக் அமிலம் நல்லதெனப்படும் எச்.டி.எல்.லைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் கூடவே எல்.டி.எல்.லையும் கூட்டுகிறது என்பதைக் காணொளிக்காரர்கள் சொல்வதில்லை. தேங்காயில் கொலஸ்ட்ரோல் இல்லை என்பதும் மெய்யே. எனினும் நிரம்பிய கொழுப்பு மிகும்போது, இரத்தத்திலுள்ள எல்.டி.எல்.லை ஈரல் உள்ளெடுப்பது குறைந்து, அது இரத்தத்திலேயே தேங்குகிறது.

கொழுப்பே வேண்டாம் என்பதும் தவறு. ஏ, டி, ஈ, கே விற்றமின்கள் கொழுப்பில் கரைபவை. ஒரு துளி எண்ணெயும் பாலும் சேராத முருங்கையிலைச் சுண்டலிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும், விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டின் சொற்பமே. லினோலெயிக், அல்பா லினோலெனிக் ஆகிய கொழுப்பமிலங்களை உடலால் உருவாக்க முடியாது, உணவிலிருந்தே பெறவேண்டும்.

ஆகவே அளவைப் பார்ப்போம். நிரம்பிய கொழுப்பிலிருந்து கிடைக்கும் சக்தி மொத்தச் சக்தியில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி உண்பவருக்கு, கிராமுக்கு 9 கிலோகலோரி என்ற கணக்கில், அது ஏறக்குறைய 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயிலேயே 11 கிராம் அளவு வந்துவிடுகிறது. மதியம் பால்கறி, இரவு இடியப்பத்துக்குச் சொதி, நடுவில் எருமைத் தயிர் என்று போனால் எல்லை எங்கே நிற்கும்? கொழுப்பின் பெரும்பகுதி முதற்பாலில்தான் இருக்கிறது. எனவே அம்மாவிடம் இரண்டாம் பாலில் சொதி வைக்கச் சொல்லுங்கள், தாளிப்புக்கு நல்லெண்ணெயைப் பயன்படுத்தலாம். வாரத்தில் இரண்டு முறையாவது சாளையோ கும்பளாவோ வாங்கிப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். ஒமேகா-3 கொழுப்பமிலம் அவற்றில் தாராளம்.

வயல்வெளி (சம்மாந்துறை):
நெல் விளையும் ஊரிலிருந்து இதைச் சொல்ல வாய் வரவில்லைதான், ஆனாலும் அந்த இன்னொரு அகப்பை சோறே எனக்குக் கவலை தருகிறது. தேவைக்கு மிஞ்சிய மாச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றி, டிரைகிளிசரைட்டாக இரத்தத்துக்கு அனுப்புகிறது. பால்கறியை நிறுத்திய இடத்தில் வெள்ளைச் சோறும் சீனித் தேநீரும் வந்து நின்றால் இதயத்துக்கு இலாபமில்லை. பயறு, கடலை, மீன், கீரை வந்தால்தான் பயன்.

காத்தான்குடியான்:
வீட்டுச் சொதியைக் குற்றவாளியாக்குமுன் மாலையில் அப்பா கடையில் என்ன சாப்பிடுகிறார் என்றும் விசாரியுங்கள். பகுதியளவு ஐதரசனேற்றிய, அதாவது ஐதரசன் சேர்த்துக் கெட்டியாக்கிய, கொழுப்பில் செய்த பேஸ்ட்ரி வகைகளிலுள்ள திரான்ஸ் கொழுப்பு, எல்.டி.எல்.லைக் கூட்டி எச்.டி.எல்.லைக் குறைப்பதால் நிரம்பிய கொழுப்பைவிடக் கெட்டது. வடைத் தாச்சியில் கறுத்து நுரைக்கும் எண்ணெயும் ஒட்சியேற்றமடைந்ததே.

வாவிக்கரை:
அனைவருக்கும் நன்றி. ரோல்ஸ் விடயத்தில் அப்பா மழுப்புகிறார். கொலஸ்ட்ரோலைக் குறைக்க மருத்துவர் எழுதிய ஸ்டற்றின் மாத்திரையை, உணவைச் சீராக்கிய பின் விடலாமா?

கல்முனைவாசி:
நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த பரிசோதனை அறிக்கையோடு சென்று மருத்துவரிடமே கேளுங்கள்.