தொப்பூர் மேட்டில் கொதித்த அம்பாசிடர்

சேலத்திலிருந்து தருமபுரி திரும்பும்போது தொப்பூர் மேடு ஏற ஆரம்பித்தாலே எங்கள் அம்பாசிடரின் ஹீட் முள் சிவப்பைத் தொட்டுவிடும். அப்பா காலத்து வண்டி, 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க எஸ்யூ கார்புரேட்டர். பாதி மேட்டில் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கிவிட்டு முக்கால் மணி நேரம் நிற்பதே வழக்கமாகிவிட்டது.

பார்த்தவர்கள் எல்லாரும் கார்புரேட்டரைத்தான் சொன்னார்கள். அதுவும் தப்பில்லை. பிளக்கைக் கழற்றினால் நாலும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை, லீனாக எரிகிறது, அப்படி எரிந்தால் சூடு ஏறத்தான் செய்யும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, கார்புரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தேன். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நிலைத்தால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், தடுமாறி அணைந்தால் லீன், லேசாக ஏறி உடனே அடங்கினால் சரி. எங்களுடையது அணைந்தது. அடியில் இருக்கும் ஜெட் நட்டை இறக்கினால் பெட்ரோல் கூடும்; அதை ஒவ்வொரு பட்டையாக இறக்கி இறக்கிப் பார்த்து, மூன்றாவது நாள் பிளக் காபிப்பொடி நிறத்துக்கு வந்தது. அந்தப் பிஸ்டனுக்கு மேலிருக்கும் டேஷ்பாட் என்ற கிண்ணத்தில் ஆயிலும் விட்டேன். ஊருக்குள் வண்டி பூ மாதிரி ஓடியது.

ஆனால் மேட்டில் மறுபடியும் கொதித்தது!

பிளக்கில் பொறி விழும் நேரம், அதாவது டைமிங், பின்தங்கியிருந்தாலும் சூடாகும் என்பதால் அதையும் டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட் கேப்பையும் பார்த்தோம், சரியாகவே இருந்தது. அப்புறம் ஒருநாள் ஓட்டிவந்து இன்ஜினை அணைத்ததும் ரேடியேட்டரைக் கையால் தடவிப் பார்த்தேன். மேலே தொடவே முடியவில்லை, நடுவிலிருந்து கீழே அங்கங்கே ஜில்லென்று இருந்தது. அங்கெல்லாம் தண்ணீரே ஓடவில்லை. ரேடியேட்டர் கடையில் மேல்டேங்க் பற்றவைப்பை எடுத்துத் திறந்தால், வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதே வெள்ளைப் பொருக்கு குழாய்களை அடைத்துக் கிடந்தது. எத்தனை வருஷமாகப் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறோம்! எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடுக்காக ஒகேனக்கலிலிருந்து குழாய் போட்டுக் காவிரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள், அந்த நிலத்தடி நீரின் உப்பு வண்டியை மட்டும் சும்மா விடுமா? குழாய் குழாயாகக் கம்பி விட்டுக் குத்தி, இன்ஜின் பிளாக்கின் உள்ளேயும் கழுவி, டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றினோம்.

உங்கள் வண்டி ஊருக்குள் நன்றாக ஓடி மேட்டில் மட்டும் கொதித்தால், கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருக்காமல் முதலில் ரேடியேட்டரைத் தடவிப் பாருங்கள். சூட்டோடு மூடியை மட்டும் திறக்காதீர்கள், வெந்துவிடும்.

போன சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு தொப்பூர் ஏறினோம். முள் நடுவைத் தாண்டவில்லை.