நெல்லுக் காசுக்குக் காவல்: குளொக்கா, சிக் சவரா?

மல்லாவி நெல் ஆலைக்காரன் (முல்லைத்தீவு, இலங்கை):
காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் என் கையில் பெருங்காசு புழங்கும். மாங்குளம் வங்கியில் எடுத்து மல்லாவிக்குக் கொண்டுவர வேண்டும். இந்த முறை வவுனிக்குளத்துப் பக்கமிருந்து இரண்டு பேர் ஒரே மோட்டார் சைக்கிளில் ஆலை வாசல்வரை பின்னால் வந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. பன்றி விரட்ட வைத்திருக்கும் அனுமதித் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வங்கிக்குள் போக முடியுமா? கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். வாங்கினால் தரமானதாக இருக்க வேண்டும், செலவு பரவாயில்லை. குளொக் 19, சிக் சவர் பி226 இரண்டில் எது நல்லது?

ஓய்வுபெற்ற சார்ஜன்ட், வவுனியா:
பி226தான், தம்பி. 1980களில் அமெரிக்க இராணுவம் வைத்த தேர்வில் கடைசிவரை தாக்குப்பிடித்தவை இரண்டே இரண்டு: பெரெட்டா 92, அடுத்தது இது. பெரெட்டா வென்றது மொத்த விலையில். பிறகு அவர்களுடைய கடற்படையின் சிறப்புப் படையான சீல் படையினர் எடுத்துக்கொண்டது பி226ஐ.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிது முதல் வெடி. பிஸ்டலின் பின்னால் இருந்து ரவையை வெடிக்க வைக்கும் சுத்தியல் படுத்திருக்கும்போது விசையை நீளமாக, ஏறத்தாழ நாலரைக் கிலோ பலத்தில் இழுக்க வேண்டும். விரல் தவறிப் பட்டதற்கெல்லாம் வெடிக்காது. சுட்டு முடிந்ததும் இடப்பக்கத்து நெம்பைப் பெருவிரலால் அமர்த்தினால் சுத்தியல் பத்திரமாக இறங்கிவிடும். குளொக்கில் இந்த வசதி கிடையாது.

ஒரு மாரியில் என்னோடு வேலை செய்தவர் மழைக்கோட்டோடு நின்று பிஸ்டலை உறைக்குள் திருப்பிச் செருகினார். கோட்டின் இடுப்புக் கயிறு, நுனியில் பிளாஸ்டிக் குமிழோடு, விசைக்கும் உறைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. இன்றும் அவர் வலக்காலை இழுத்துத்தான் நடக்கிறார். எந்தப் பெயர் பொறித்த பிஸ்டல் என்று சொல்ல மாட்டேன். வெளியே சுத்தியல் இல்லாத வகை.

ஒட்டுசுட்டான், இப்போது சூரிச்:
ஐயா சொன்ன சம்பவம் வருத்தமானது. ஆனால் குற்றம் உறையில் இருக்கிறது, பிஸ்டலில் இல்லை. தோல் உறை பழசானால் வாய் தளர்ந்து மடியும். விசையை முழுதாக மூடும் கெட்டி உறையை வாங்கி, கண்ணால் பார்த்துச் செருக வேண்டும். எடுக்கும்போது அவசரம் வரலாம். திருப்பி வைக்கும்போது யார் அவசரப்படுத்துகிறார்கள்?

நான் இங்கே காசு ஏற்றும் வாகனத்தில் காவல் வேலை பார்க்கிறேன். பி226இல் முதல் இழுப்பு நாலரைக் கிலோ என்றால், சுத்தியல் தானாக நிமிர்ந்துவிட்ட பிறகு இரண்டாவது இரண்டு கிலோ. ஒரே கைக்குள் இரண்டு துப்பாக்கி இருப்பது போல. பயிற்சிக்கு வரும் புதியவர்களின் இலக்கு அட்டையைப் பார்த்தாலே தெரியும்: முதல் ஓட்டை கீழே இடப்பக்கம், இரண்டாவது எங்கோ மேலே. குளொக்கில் முதல் வெடியும் கடைசி வெடியும் ஏறத்தாழ இரண்டரைக் கிலோதான். வருடத்தில் இரண்டு தடவை மட்டும் சுடப்போகிற ஆலை முதலாளிக்கு எது சுலபம்?

இன்னொன்று, வியர்வை. குளொக்கின் உடல் பிளாஸ்டிக் வகை. அதன் மேல் ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேற்பகுதி, ஓடுவதற்கு நான்கு சின்ன உருக்குத் துண்டுகள் மட்டும் பதித்திருக்கும். துருப்பிடிக்க இடமே குறைவு. பி226இன் அலுமினியத் தண்டவாளத்துக்குக் கிறீஸ் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். பூசினால் மல்லாவிக் கிரவல் புழுதி அதிலேயே அப்பிக்கொள்ளும்.

சார்ஜன்ட்:
புழுதி பெயர் பார்த்து ஒட்டுவதில்லை. கிழமைக்கு ஒரு தடவை கழற்றித் துடைக்காதவனுக்கு எதுவும் உதவாது. ஈரத் துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் போட மறந்தவர்களை நான் எத்தனை பேரைக் கண்டிருக்கிறேன்!

மாங்குளம் இளையவன்:
இருவரும் பழங்கதை பேசுகிறீர்கள். 2017இல் அமெரிக்க இராணுவமே சிக் சவர் பி320ஐத் தெரிவு செய்துவிட்டது. அதை வாங்குங்கள் அண்ணை.

ஒட்டுசுட்டான், சூரிச்:
அதே 2017இல்தான், சில கோணங்களில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று தெரியவந்து, விற்ற பிஸ்டல்களின் விசைப்பொறியை இலவசமாக மாற்றித் தருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. அதையும் சேர்த்து வாசியுங்கள் தம்பி.

முள்ளியவளை ஆசிரியை:
கண்ணிவெடி அகற்றி முடியாத மண்ணில் இருந்துகொண்டு எந்தப் பிஸ்டலின் விசை மென்மை என்று பேசுகிறோம். காசோலை எழுதுங்கள், கணக்குக்கு அனுப்புங்கள். மடியில் காசு இல்லாவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு என்ன வேலை? பிஸ்டல் இருப்பது ஊருக்குத் தெரிந்தால் காசுக்கு வருகிறவன் பிஸ்டலுக்கும் சேர்த்து வருவான்.

ஆலைக்காரன்:
ரீச்சர், மூட்டை தராசில் ஏறியதும் காசை எண்ணிக் கொடுத்தால்தான் நெல் எனக்கு. காசோலை என்றால் அடுத்த லொறிக்காரனுக்குப் போய்விடும். உழவு இயந்திரக்காரனும் கூலியாட்களும் அதே முற்றத்தில் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். பாதிப்பேருக்காவது வங்கியில் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் கேள்வி பிஸ்டலைப் பற்றியது.

சார்ஜன்ட்:
அப்படியானால் முதலில் சட்டம். உங்கள் வயல் துவக்குக்கு அனுமதி தந்தது மாவட்டச் செயலகம். தற்காப்புக் கைத்துப்பாக்கிக்குப் பாதுகாப்பு அமைச்சுதான் தர வேண்டும். உயிருக்கு ஆபத்து என்பதைப் பொலிஸ் அறிக்கையோடு காட்ட வேண்டும், வருடந்தோறும் புதுப்பிக்க வேண்டும். கிடைத்தாலும் நிலையில்லை. தற்காப்புக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கிகளை 2024 நவம்பர் 7ஆம் திகதிக்குள் வெலிசரைக் கடற்படைக் களஞ்சியத்தில் ஒப்படைக்கும்படி அமைச்சு சொன்னது நினைவிருக்கிறதா? குளொக்கா சிக் சவரா என்று கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தெரிவு செய்கிற நாடு இதுவல்ல.

ஒட்டுசுட்டான், சூரிச்:
இங்கேயும் அப்படித்தான். சுவிஸில் வீட்டில் வைத்திருக்க ஒரு பத்திரம், இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போக வேறு பத்திரம். இரண்டாவதற்குத் தேவையை நிரூபித்து, எழுத்துப் பரீட்சையும் சுடும் பரீட்சையும் எழுத வேண்டும். அதுவும் கூடியது ஐந்து வருடத்துக்குத்தான். என் வேலை இதுவென்பதால் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காது.

சார்ஜன்ட்:
பார்த்தீர்களா, ஒரு விடயத்திலாவது ஒத்துப்போகிறோம். தம்பி, ஆலையில் என்ன உடுத்துகிறீர்கள்?

ஆலைக்காரன்:
சாரம்தான். ஏன்?

சார்ஜன்ட்:
சாரத்தில் எங்கே செருகப் போகிறீர்கள்? கெட்டி உறைக்குக் கெட்டி இடுப்புப்பட்டி வேண்டும், பட்டிக்குக் காற்சட்டை வேண்டும். ரவை நிரப்பினால் குளொக் 19 ஏறத்தாழ 850 கிராம், என் பி226 ஒரு கிலோவுக்கு மேல். அனுமதிக்கு எழுதுமுன் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை வலது இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு கிழமை ஆலையில் நில்லுங்கள். பிறகு வந்து எது நல்லது என்று கேளுங்கள்.

ஒட்டுசுட்டான், சூரிச்:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அதே போத்தலில் 850 மில்லிலீற்றர் மட்டும் நிரப்பிக் கட்டினால் குளொக்குக்குச் சரி. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஆலைக்கு வந்து பார்க்கிறேன்.

மாங்குளம் இளையவன்:
படம் எடுத்துப் போடுங்கள் அண்ணை.

ஆலைக்காரன் (எட்டு நாள் கழித்து):
கட்டினேன். முதல் நாள் காற்சட்டையைப் பார்த்து மனைவி சிரித்தாள். குனிந்து மூட்டை வாயைத் தைக்கும்போது போத்தல் விலாவில் குத்தியது. மோட்டார் சைக்கிளில் ஏறினால் முன்பக்கம் நகர்ந்தது. மூன்றாம் நாள் பத்து மணிபோல அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, தராசில் எடை பார்க்கப் போனேன். திரும்பி வரக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் பேரன், நாலு வயது, கதிரையில் ஏறி நின்று மூடியைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தான்.

சார்ஜன்ட் ஐயா, பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி வவுனியாவில் என்ன விலை போகிறது?