குழந்தைகள் விநாடி வினாவுக்கு பஸ்ஸர்: ரிலே தொல்லைக்கு வழி சொல்லுங்கள்

வேளச்சேரியில் அடுக்ககப் பிள்ளைகளுக்கு டிவி கேம் ஷோ பாணியில் விநாடி வினா. 4 அணி, ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை), அணிக்கொரு பட்டன், 15 மீட்டர் லேன் கேபிள். முதலில் அழுத்தும் அணியின் 230 வோல்ட் பல்பு ரிலே (மின்காந்த சுவிட்ச்) வழியே எரியும், மற்றவை பூட்டிக்கொள்ளும்.

சிக்கல் ரீசெட்டில். ரிலே விடும் நொடியில் 4ஆவது அணியின் விளக்கு தானே எரிகிறது. ஆர்டுயினோவின் உள் புல்-அப் (பட்டன் அழுத்தாதபோது பின்னை, அதாவது இணைப்பு முனையை, உயர் நிலையில் வைக்கும் ரெசிஸ்டர்) 20 முதல் 50 கிலோ ஓம் வரை இருப்பதால் நீளக் கேபிளில் இரைச்சல் எளிதாக ஏறும். அதனால் வெளியே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஆர்டுயினோ முனையருகே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டாயிற்று. ஒவ்வொரு பட்டன் கம்பியும் கிரவுண்டோடு முறுக்கிய ஜோடியில்தான் போகிறது. ரிலே பலகையில் சுருளின் மின் எழுச்சியை அடக்கும் டயோடும் உண்டு. எனவே பல்பை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்ட் பக்கத் தீப்பொறிமேல்தான் சந்தேகம். பிசி817 ஆப்டோ (ஒளி வழியே சிக்னலைக் கடத்தி இரு சுற்றுகளைப் பிரிக்கும் சிப்) போதுமா? இல்லை, பல்பையே விட்டு 12 வோல்ட் எல்இடிக்கும் மாஸ்ஃபெட்டுக்கும் (சுவிட்ச் போல இயங்கும் டிரான்சிஸ்டர்) மாறிவிடலாமா? பிள்ளைகள் நடமாடும் மேடை என்பதால் எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

பின்களை வரிசையாகப் படித்தால் 1ஆவது அணிக்குச் சாதகம். அதனால் போர்ட் (ஒன்றாகப் படிக்கக்கூடிய பின்களின் தொகுதி) முழுவதையும் ஒரே தடவையில் படிக்கிறேன்.

இன்னொன்று: ஜியோபார்டி என்ற அமெரிக்க டிவி விநாடி வினாவில் கேள்வி முடியுமுன் அழுத்தினால் கால் விநாடி பூட்டு. எட்டு வயதுப் பிள்ளைகள் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பார்களே, எவ்வளவு வைக்கலாம்?

100 மில்லிமீட்டர் ஆர்கேட் பட்டன் ரிச்சி தெருவில் எந்தப் பக்கம் கிடைக்கும்?