கன்றுக்குப் பால் மட்டும் போதாதா?

கேள்வி: மூன்று வாரக் கன்று, பால் நன்றாகக் குடிக்கிறது, வைக்கோலும் மெல்லுகிறது. அடர்தீவனம் கொடுத்தால்தான் வயிறு வளரும் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1: உண்மைதான். பால் ரூமன் என்கிற முதல் வயிற்றைத் தொடாமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடும், அதனால் வெறும் பாலில் வளரும் கன்றுக்கு ரூமனின் உட்சுவர் வழவழப்பாகவே கிடக்கும். அடர்தீவனத்தில் இருக்கும் தானியத்தை நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது வரும் பியூட்டிரிக் அமிலம்தான் அந்தச் சுவரில் விரல் போன்ற நீட்சிகளை முக்கியமாக வளர்க்கிறது, சத்தை உறிஞ்சுவதே அவைதான்.

பதில் 2: அதற்காக வைக்கோல் வீண் என்று நினைக்காதீர்கள், ரூமனின் தசைக்கும் கொள்ளளவுக்கும் அது வேண்டும். தண்ணீரைத் தனியாக வையுங்கள். பாலில் கலந்தால் அதுவும் ரூமனைத் தாண்டிவிடும், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேட்டவர்: சரி, பாலை இப்போதே குறைக்கலாமா?

பதில் 1: அவசரம் வேண்டாம். தினம் 1 கிலோ அடர்தீவனமாவது சில நாள் தொடர்ந்து தின்னட்டும், அப்புறம் படிப்படியாக.