மறுமொழி: 'செர்ட்டிஃபைடு டிரான்ஸ்லேஷன்' தமிழில் – 'சான்றுரை மொழிபெயர்ப்பு' எனலாமா?

வணக்கம் நண்பர்களே.

'செர்ட்டிஃபைடு டிரான்ஸ்லேஷன்' என்பதற்குத் தமிழில் எந்தச் சொல் பொருந்தும் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆவண மொழிபெயர்ப்புதான் எனக்கு அன்றாட வேலை என்பதால் பேசாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> 'சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

புழக்கத்தில் இருப்பது உண்மை. நானும் பல வருடம் அதைத்தான் எழுதினேன். ஆனால் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆபீஸில் சான்று வாங்கணும்?" என்றுதான். 'அளிக்கப்பட்ட' என்று சொன்னதும் அளித்தவர் யார் என்பது மறைந்துபோகிறது. அந்த இடத்தில் நம் மனம் தானாகவே ஓர் அதிகாரியையும் ஒரு வட்ட முத்திரையையும் வைத்துக்கொள்கிறது.

இதனால் ஒருவர் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, நோட்டரியிடம் முத்திரை போட்டு, குடியேற்ற விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்தார். திரும்பி வந்துவிட்டது. அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்தபோது இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். முத்திரை அழுத்தமாக விழுந்திருக்கிறது. நோட்டரியின் கையெழுத்து, பதிவெண், தேதி எல்லாம் இருக்கின்றன. மொழிபெயர்த்தவர் யார் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. அந்த மனிதர் மேல் தப்பில்லை, சொல் அவரை அப்படி நினைக்க வைத்துவிட்டது.

அமெரிக்கக் கூட்டரசு ஒழுங்குவிதிகளில் குடியேற்றம் பற்றிய 8-ஆம் தலைப்பின் 103.2 பிரிவு கேட்பது என்ன? அயல்மொழி ஆவணத்துக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, துல்லியமானது என்று மொழிபெயர்த்தவரே சொல்ல வேண்டும். அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கத் தனக்குத் திறமை உண்டு என்றும் அவரே சொல்ல வேண்டும். அவ்வளவுதான். நோட்டரி முத்திரையை அந்த விதி கேட்கவில்லை. பிரிட்டன் விசா விண்ணப்பத்திலும் இதே போக்குதான்: மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம். ஆக, 'செர்ட்டிஃபை' செய்கிறவர் மொழிபெயர்ப்பாளர்தான்.

அப்புறம் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் 'செர்ட்டிஃபைடு' என்ற அந்த ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவில் அது ஆளைக் குறிக்கும். அங்கே 1977 முதல் இயங்கும் நாட்டி என்ற அமைப்பு தேர்வு வைத்து மொழிபெயர்ப்பாளருக்குத் தகுதி தருகிறது. அவர் தன் எண் உள்ள முத்திரையை ஒவ்வொரு பெயர்ப்பிலும் பதிக்கிறார். வணிக ஒப்பந்தங்களிலும் டெண்டர்களிலும் ஐஎஸ்ஓ 17100 என்ற மொழிபெயர்ப்புச் சேவைக்கான பன்னாட்டுத் தரநிலையைக் கேட்பார்கள். அது நிறுவனம் வேலை செய்யும் முறைக்குக் கிடைப்பது. ஒருவர் பெயர்த்ததை மூலத்தோடு ஒப்பிட்டு இரண்டாமவர் திருத்த வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. மூன்றாவது, நான் மேலே சொன்னது: இந்த ஒரு ஆவணத்துக்கு, இந்த ஒருவர், இந்தத் தேதியில் தரும் வாக்கு.

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்ததை நாமும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டும் என்று கட்டாயமா? நம்மிடம் ஏற்கெனவே 'தகுதிச் சான்று' இருக்கிறது, ஆளுக்கு அது போதும். 'தரச்சான்று' இருக்கிறது, நிறுவனத்துக்கு அது போதும். நகலை மூலத்தோடு ஒப்பிட்டு அதிகாரி கையெழுத்திடுவதற்குச் 'சான்றொப்பம்' என்ற அருமையான சொல் இருக்கிறது. மொழிபெயர்த்தவரே எழுதிக் கையெழுத்திடும் அந்த நாலு வரிக்குத்தான் நம்மிடம் பெயர் இல்லை. அதற்கு ஒரு பெயர் வைத்தால் மற்றதெல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

அந்த நாலு வரிக்குச் சான்றுரை என்று பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து. அது இணைக்கப்பட்ட பெயர்ப்பு சான்றுரை மொழிபெயர்ப்பு. வினையாகச் 'சான்றுரைத்தல்'. "நீங்களே சான்றுரைத்துத் தருவீர்களா?" என்று ஒருவர் தொலைபேசியில் கேட்டால் என் காதுக்கு இயல்பாகவே இருக்கும். 'உரை' என்றால் ஒருவர் சொல்வது. சொல்கிறவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நான் தேடியது அதைத்தான்.

மற்ற முன்மொழிவுகளையும் யோசித்துப் பார்த்தேன். 'சான்றிதழ் மொழிபெயர்ப்பு' என்றால் சான்றிதழை மொழிபெயர்ப்பது என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். 'சான்றொப்ப மொழிபெயர்ப்பு' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மறுபடி அதிகாரியிடம் அனுப்பிவிடும். 'கரி' என்ற பழஞ்சொல்லைச் சாட்சி என்ற பொருளில் மீட்கலாம் என்றார் ஒரு நண்பர். சங்கப் பாட்டில் படிக்கும்போது எனக்கும் பிடித்த சொல். இன்று விண்ணப்பப் படிவத்தில் போட்டால் அடுப்புக் கரிதான் நினைவுக்கு வரும்.

> 'சான்றுரை' என்றால் நீதிமன்ற சாட்சி என்றோ, ஒருவரைப் பற்றிய நற்சான்று என்றோ கொள்ள மாட்டார்களா?

நியாயமான கேள்வி. நீதிமன்றத்தில் சொல்வதற்குச் 'சாட்சியம்' வேரூன்றிவிட்டது. மற்றதற்கு நீங்களே 'நற்சான்று' என்று எழுதிவிட்டீர்கள். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால் சான்றுரையை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

இலங்கையில் வழங்கும் சொல்லை எழுதிய இலங்கை நண்பருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அங்கே 'சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்' என்பது மக்கள் வாயில் உள்ள சொல். அதை மாற்றவே கூடாது. ஸ்பெயினில் வெளியுறவு அமைச்சகம் நியமிப்பவர், பிரான்சில் மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் இருப்பவர், ஜெர்மனியில் மாநில நீதித்துறை முன் பிரமாணம் எடுத்தவர், எல்லோருக்கும் இந்தச் சொல்லே பொருந்தும். சான்றுரை தரும் எல்லோரும் பிரமாணம் எடுத்தவர்கள் அல்லர். இந்த வேறுபாடு சொல்லகராதியில் கட்டாயம் வர வேண்டும். விண்ணப்பம் திரும்புவதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. வெளிநாட்டில் காட்டும் அரசு ஆவணத்தோடு இணைக்கும் அப்போஸ்டீல் என்ற சான்று இதிலெல்லாம் சேராது. 1961 ஹேக் உடன்படிக்கைப்படி அது கையெழுத்தும் முத்திரையும் உண்மை, கையெழுத்திட்டவரின் பதவி உண்மை என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பதைப் பற்றி அதற்குப் பேச்சில்லை. அதை அப்படியே 'அப்போஸ்டீல்' என்று விட்டுவிடலாம், உலகம் முழுக்க அதே பெயர்.

'முழுமை' என்ற சொல் சான்றுரையில் ஏன் விடுபடக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு பிறப்புப் பதிவில் கயல்விழி என்ற பெயர் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. 'பெயர் பின்னர் சேர்க்கப்பட்டது' என்று ஒரு குறிப்பும் தேதியும் பக்கத்தில். கீழே பாதி அழிந்த முத்திரை. ஓரக் குறிப்பை விட்டுவிட்டால் பதிவான தேதியும் பெயரும் முட்டிக்கொள்ளும். அழிந்த முத்திரையை ஊகித்து எழுதவும் கூடாது. சதுர அடைப்புக்குள் 'முத்திரை, வாசிக்க இயலவில்லை' என்று எழுத வேண்டும். 'ழி'யை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை நான் முடிவு செய்ய முடியாது, கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுகிறேன்.

சொல் நிற்குமா என்று பார்க்க ஒரு வரைவு எழுதிப் பார்த்தேன்:

சான்றுரை
........... ஆகிய நான், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் திறமை உடையவன் / உடையவள். இத்துடன் உள்ள மொழிபெயர்ப்பு, மூல ஆவணத்தின் முழுமையான, துல்லியமான மொழிபெயர்ப்பு என்று உறுதி கூறுகிறேன்.
பெயர், கையொப்பம், முகவரி, தேதி.

'உடையவன் / உடையவள்' கண்ணை உறுத்துகிறது. 'எனக்குத் திறமை உண்டு' என்று மாற்றினால் இருபாலுக்கும் பொருந்தும், ஆனால் சட்ட நடைக்குக் கொஞ்சம் தளர்வாக இருக்கிறதோ என்று தயக்கம். வழக்கறிஞர் நண்பர்கள் யாராவது இந்த வரியைப் பார்த்துச் சொன்னால் திருத்திக்கொள்கிறேன்.