களிமண் பூசித் தோய்த்த கத்தியில் ஹமோன் கோடு: என் அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

கத்தி செய்ய ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. ஹமோன் கோடு வரவைக்கப் போய் முதல் ஒன்றரை வருடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். அதில் பாதிக்கு மேல் தப்பான இரும்பை எடுத்ததால் போனது.

ஜப்பான் வாள்களில் வெட்டுகிற வாய்ப்பக்கமாக மேகம் படிந்த மாதிரி ஒரு வெளிறிய கோடு ஓடுமே, அதுதான் ஹமோன். முதுகில் களிமண்ணைத் தடிப்பாகப் பூசி, வாயில் மெல்லிசாக மட்டும் தடவி, சூடேற்றித் தண்ணீரில் இறக்கினால் வாய் நொடியில் ஆறி மார்டென்சைட் என்கிற கடினமான அமைப்பாக இறுகிவிடும், மண்ணுக்கு அடியில் இருக்கிற முதுகு மெதுவாக ஆறிப் பெர்லைட் என்கிற மெத்தென்ற அமைப்பாக நிற்கும். இரண்டும் சந்திக்கிற எல்லைதான் கண்ணுக்குத் தெரிகிறது. இதை ஆங்கிலத்தில் டெம்பர் லைன் என்று சொல்லிச் சொல்லி நிறையப் பேரைக் குழப்பிவிட்டார்கள். டெம்பரிங் என்பது அப்புறம் 200 டிகிரி வாக்கில் வாட்டி, பட்டென்று முறிகிற குணத்தைக் குறைப்பது. கோடு அதற்கு முன்பே தோய்ச்சலில், அதாவது சூடாகத் தண்ணீரிலோ எண்ணெயிலோ இறக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

நான் முதலில் எடுத்தது லாரி பட்டை, அதாவது லாரிக்கு அடியில் இருக்கிற வில்பட்டை. மூன்று கத்தி அடித்தேன், மூன்றுக்கும் மண் பூசினேன், எண்ணெயில் இறக்கினேன், தேய்த்துத் தேய்த்து விரல் வலித்ததுதான் மிச்சம், கோடு இல்லை. அந்த இரும்பில் மாங்கனீசு, சில வகைகளில் குரோமியம் எல்லாம் இருப்பதால் மெதுவாக ஆறினாலும் இறுகிவிடுகிறது, மண்ணுக்கு அடியிலும் சேர்த்து. கோடு வேண்டுமானால் கார்பன் அதிகமாகவும் மாங்கனீசு குறைவாகவும் இருக்கவேண்டும். 1095 என்கிற ரகத்தில் கார்பன் 0.95 சதவீதம் வாக்கில், மாங்கனீசு 0.3 முதல் 0.5 வரைதான். டபிள்யூ2, ஜப்பான்காரர்களின் ஷிரோகாமி எல்லாம் இதே சாதி. எனக்கு இவை எதுவும் கைக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பழைய நல்ல அரத்தை எடுத்துச் சிவக்கக் காய்ச்சி ராத்திரி முழுக்கச் சாம்பலில் புதைத்து வைத்தேன், காலையில் இன்னொரு அரம் அதை வெண்ணெய் மாதிரி ராவியது.

அதில் செய்த முதல் கத்தி தண்ணீரில் இறங்கியதும் 'டிங்' என்றது. இந்த வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வாயிலிருந்து மேலே ஒரு மயிரிழை விரிசல். வாயை முன்கூட்டியே கூர்மையாக ராவி வைத்தது என் தப்பு.

அடுத்ததில் வாயை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் விட்டேன். முதுகில் களிமண்ணுக்குப் பதில் உலை சிமென்ட் மூன்று மில்லிமீட்டர், அங்கிருந்து வாயை நோக்கி நூல் நூலாகச் சில இழுப்பு. ஜப்பானில் இதை 'அஷி', அதாவது கால்கள் என்கிறார்கள். அந்த இடங்களில் வாய்க்குள்ளும் மெத்தென்ற இரும்பு இறங்கி நிற்கும், வாய் ஒரு இடத்தில் தெறித்தாலும் தெறிப்பு அடுத்த காலோடு நின்றுவிடும். அழகுக்காக வந்தது இல்லை அது. அந்திக்கு மேல் வெளிச்சம் குறைந்ததும் உலையை மூட்டினேன், அப்போதுதான் இரும்பின் நிறம் சரியாகத் தெரியும். 770 டிகிரி தாண்டினால் காந்தம் ஒட்டாது, அதற்கும் கொஞ்சம் மேலே, 800 பக்கம் போனதும் 50 டிகிரிக்குச் சூடாக்கின கடலை எண்ணெயில் இறக்கினேன். எண்ணெய் சூடாக இருந்தால் இளகி, இரும்பின் சூட்டை வேகமாக இழுக்கும். சத்தம் எதுவும் வரவில்லை. அரத்தை வாயில் வைத்துப் பார்த்தேன், கண்ணாடியில் தேய்த்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

ஓவனில் இரண்டு இரண்டு மணி நேரமாக இரண்டு முறை வாட்டிவிட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். 220 நம்பர் உப்புத்தாளில் ஒன்றும் இல்லை, 400-இலும் இல்லை. 800-இல் ஒரு நிழல். 1500 முடித்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டுக்கு விற்கிற ஃபெர்ரிக் குளோரைடை நன்றாகத் தண்ணீர் கலந்து சில நொடி தடவித் துடைத்து, மறுபடி தடவித் துடைத்து, ஆறாவது தடவை கோடு எழுந்தது. நான் மண்ணால் இழுத்த ஒவ்வொரு காலும், எது எங்கே கோணியது என்பது வரை, இரும்பில் அப்படியே இருந்தது.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். ஆன்லைனில் ஒருமுறை ஹமோன் கத்தி என்று வாங்கி ஏமாந்தேன், அமிலத்தால் மேலே வரைந்த கோடு அது, 600 தாளில் நாலு தேய்ப்பில் போய்விட்டது, திரும்ப அமிலம் தடவியும் வரவில்லை. நிஜக் கோடு எத்தனை முறை தேய்த்தாலும் திரும்ப எழும்.

*

நல்ல பதிவு அண்ணா. லாரி பட்டையில் கோடு வராது என்பதில் மட்டும் ஒரு திருத்தம். மண் பூசி முழுக் கத்தியையும் இறக்கினால் வராது, சரி. எங்கள் ஊர்க் கொல்லர் அதே பட்டையில்தான் அரிவாள் அடிக்கிறார், ஆனால் தோய்க்கும்போது வாயை மட்டும் இரண்டு விரல் அளவுக்குத் தண்ணீரில் வைத்து எடுப்பார், முதுகுச் சூடு தானாகவே வாய்க்கு இறங்கி வைக்கோல் நிறம் ஓடி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்து, அப்புறம் முழுசாக அமுக்குவார். தோய்ச்சலும் வாட்டலும் ஒரே மூச்சில். "முதுகும் எறங்கிட்டா கட்டையில போட்டதும் ஒடிஞ்சிரும் தம்பி" என்பார்.

அவரிடம் வாங்கின ஒரு அரிவாளின் ஒரு பக்கத்தை மட்டும் கறுப்பு போகத் தேய்த்து, நீங்கள் சொன்ன அதே ஃபெர்ரிக் குளோரைடைத் தடவினேன். வாயிலிருந்து இரண்டு விரல் மேலே, கால்கள் எதுவும் இல்லாமல், ஒரே சீராக ஒரு கோடு. அவருடைய அப்பா காலத்திலிருந்து அங்கே அடிக்கிற எல்லா அரிவாளிலும் இது கறுப்புக்கு அடியில் இருந்திருக்கிறது.

கொண்டுபோய்க் காட்டினேன். வெளியே வந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஜப்பான் கதையை நான் சொன்னதைக் கேட்டாரா தெரியவில்லை. மூக்கு வளைகிற இடத்தில் கோடு சற்று மேலே ஏறியிருந்தது, அங்கே கட்டைவிரலை வைத்து, "இங்க தண்ணி கூடப் பாஞ்சிருக்கு, வச்சிட்டுப் போ, திரும்பத் தோய்ச்சுத் தாரேன்" என்றார்.