ரைட்டிங்கில் மட்டும் 6. 'மோரோவர்', 'ஃபர்தர்மோர்' எல்லாம் போட்டும் ஏன்?

திண்டுக்கல் நர்ஸ்:

வணக்கம். ஐந்து வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பிரிட்டன் போவதற்காக ஐயெல்ட்ஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினேன். லிஸனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் மட்டும் 6. அங்குள்ள நர்ஸிங் கவுன்சில் ரைட்டிங்கில் 6.5தான் கேட்கிறது. அந்த அரை பேண்டில், அதாவது அரை மதிப்பெண்ணில், என் வண்டி நின்றுவிட்டது.

மார்க் ஷீட்டில் ரைட்டிங்குக்கு ஒரே ஓர் எண்தான் போடுகிறார்கள். எதில் குறைந்தது என்று எப்படித் தெரியும்? கோச்சிங்கில் 40 இணைப்புச் சொற்கள் உள்ள தாள் ஒன்றைக் கொடுத்து, வாக்கியத்துக்கு ஒன்று வீதம் போடச் சொன்னார்கள். அப்படியே போட்டேன். வீட்டில் எழுதிப் பார்த்த ஒரு பத்தியின் சாரம் இது (முதியோர் இல்லம் நல்லதா என்ற கேள்வி):

"ஃபர்ஸ்ட்லி, இல்லத்தில் எப்போதும் நர்ஸ் இருப்பார். மோரோவர், மாத்திரை வேளைக்குக் கிடைக்கும். ஃபர்தர்மோர், கீழே விழுந்தால் உடனே பார்ப்பார்கள். ஹவெவர், செலவு அதிகம். ஹென்ஸ், எல்லோராலும் முடியாது."

இதில் என்ன தப்பு? இலக்கணம் சரியாகத்தானே இருக்கிறது?

டியூஷன் வாத்தியார்:

தப்பு என்று எதையும் சுட்ட முடியாதுதான் அம்மா. ஆனால் படிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு வேகத்தடை ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறது.

ரைட்டிங்கை நான்கு அளவுகோல்களில் மதிப்பிடுகிறார்கள், ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு. அதில் ஒன்று கருத்து கோவையாக ஓடுகிறதா என்பது. எந்த பேண்டுக்கு என்ன வேண்டும் என்ற அட்டவணையை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். இணைப்புச் சொல் போதாமல் இருப்பதும், தப்பாக வருவதும், அளவுக்கு மீறி வருவதும் மூன்றுமே பேண்ட் 5 வரியில் ஒன்றாக நிற்கின்றன. 6இல், இணைப்பு இயந்திரத்தனமாக இருக்கலாம் என்கிறார்கள். 9க்குப் போனால், இணைப்பு கண்ணில் படுவதே அபூர்வமாக இருக்க வேண்டும். உங்கள் 40 சொல் தாள் எந்த வரியில் உங்களை நிறுத்துகிறது என்று நீங்களே பாருங்கள்.

அந்தாதி தெரியும் அல்லவா? ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். ஆங்கிலப் பத்தியும் பெரும்பாலும் அப்படித்தான் நகர்கிறது. முந்தின வாக்கியத்தின் கடைசியில் வந்த விஷயத்தை அடுத்ததின் தலையில் 'திஸ்', 'ஸச்', 'தீஸ்' போட்டு எடுத்துக்கொண்டால் போதும், 'மோரோவர்' வேலையில்லாமல் போய்விடும்.

இன்னொன்று, நம் பிள்ளைகள் எல்லோரும் விழுகிற குழி: 'ஆல்தோ' என்று தொடங்கிவிட்டு நடுவில் 'பட்' போடுவது. "மழை பெய்தாலும் ஆனால் போனேன்" என்று தமிழில் யாராவது சொல்வோமா? '-ஆலும்' ஒன்றே போதும். 'டெஸ்பைட்' பக்கத்தில் முழு வாக்கியம் வராது, பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோதான். 'ஹவெவர்' என்பதை வெறும் கமாவால் முந்தின வாக்கியத்தோடு ஒட்டக் கூடாது, முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். 'ஆன் த அதர் ஹேண்ட்' எதிர்ப்பக்கம் பேசும்போதுதான் வரும். அதே பக்கத்துக்கு இன்னொரு காரணம் சொல்ல அதைப் போடுகிறவர்களைத் திருத்தித் திருத்தி என் சிவப்புப் பேனா தீர்ந்ததுதான் மிச்சம்.

லீட்ஸ் நைட் டியூட்டி:

தங்கச்சி, நான் இரண்டு தடவை 6 வாங்கி, மூன்றாவது தடவை 7 எடுத்தவள். சார் சொன்னது எல்லாம் சரி, எனக்கு விளங்கியது வேறு வழியில்.

ஷிஃப்ட் முடிந்ததும் அடுத்த நர்ஸிடம் நீ ஹேண்டோவர் கொடுப்பாய் இல்லையா? "ஆறாம் பெட் பாட்டிக்கு நேற்று ராத்திரி காய்ச்சல் 102. அதனால் பிளட் கல்ச்சர் (கிருமி தேடும் ரத்தப் பரிசோதனை) அனுப்பியிருக்கிறோம். ரிசல்ட் வரும்வரை இதே ஆன்டிபயாடிக்தான்." இதில் "மேலும், மேலும்" என்றா சொன்னாய்? காய்ச்சல், அதனால் கல்ச்சர், கல்ச்சரால் காத்திருப்பு. விஷயமே ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு வருகிறது. அந்த ஒரு 'அதனால்' இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்ட்காரி காரணம் கேட்பாள், எனவே அது இருக்க வேண்டும். எடுத்தால் யாரும் எதுவும் கேட்காத சொல்லை வெட்டிவிடு. நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான்.

உன் பத்தியை அப்படிப் பார். மாத்திரையும் விழுந்தால் தூக்குவதும் தனித்தனிக் காரணங்கள் இல்லை, இரண்டும் நர்ஸ் இருப்பதால் கிடைப்பவை. நீ மூன்றையும் வரிசையில் நிற்கவைத்துவிட்டாய். நான் எழுதினால்: "இல்லத்தில் இரவும் பகலும் நர்ஸ் இருப்பதால் மாத்திரை வேளை தவறாது, நள்ளிரவில் பாத்ரூமில் விழுந்தவர் விடியும்வரை கிடக்க வேண்டியதில்லை. இத்தகைய கவனிப்புக்குக் கொடுக்க வேண்டிய பணமோ பல குடும்பங்களுக்கு எட்டாதது." ஆங்கிலத்தில் 'பிகாஸ்' ஒன்று, 'ஸச் கேர்' ஒன்று. தீர்ந்தது.

கடலூர் இன்ஜினியர்:

ஒரு சின்ன எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு என் நண்பன் ஒருவன் மாதிரி எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள். அவன் கட்டுரை தந்தி மாதிரி ஆகிவிட்டது. 7க்குப் பலவகை இணைப்புகள் வேண்டும் என்று அதே அட்டவணைதான் சொல்கிறது, கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் மன்னிக்கிறார்கள். பத்தி திரும்புகிற இடத்தில் ஒரு 'ஹவெவர்' தாராளமாகப் போடலாம்.

திண்டுக்கல் நர்ஸ்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி நேற்று நைட் டியூட்டி முடித்து வந்து ஒரு பழைய கட்டுரையை வெட்டினேன். 'இன் திஸ் மாடர்ன் எரா', 'லாஸ்ட் பட் நாட் த லீஸ்ட்', எல்லா 'மோரோவர்'களும் போயின. இப்போது புதுச் சிக்கல்: 258 சொல் இருந்தது 231 ஆகிவிட்டது. குறைந்தது 250 வேண்டுமே!

லீட்ஸ் நைட் டியூட்டி:

ஹாஹா, எனக்கும் இதேதான் நடந்தது. அந்த 27 சொல் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருந்தது, எதுவும் சொல்லவில்லை. அங்கே வேறு இணைப்புச் சொல்லைக் கொண்டுபோய் நிரப்பாதே. பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வந்த பாட்டிகளை வார்டில் எத்தனை பேர் பார்த்திருப்பாய்? அதில் ஒருவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், இரண்டு வரி எழுது. கேள்வித்தாளே சொந்த அனுபவத்திலிருந்து உதாரணம் தரலாம் என்கிறது.

திண்டுக்கல் நர்ஸ்:

எழுதிவிட்டேன் அக்கா. எண்ணிப் பார்த்தேன், 263. ஒரு 'மோரோவர்' மட்டும் மனசு வராமல் விட்டுவைத்திருக்கிறேன்.